சமீபத்தில் வாசித்ததில் உங்களைவிட்டு அகலாத கவிதை, கதை எது?

ஓரப்பக்கம்

கொஞ்ச நாளாக இரண்டு புத்தகங்களை மாற்றி மாற்றி வாசித்துவருகிறேன். ஒன்று குறுந்தொகை, உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு வெளியிட்ட பதிப்பு. இன்னொன்று கு. அழகிரிசாமியின் சிறுகதைகள். திட்டம் போட்டுச் சேர்த்தவை இல்லை, கையில் அப்படி அமைந்துவிட்டன. ஆனால் ஒன்று முடித்து மற்றதை எடுக்கும்போது, முந்தையது இதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பற்றித்தான் பேச ஆசை.

முதலில் குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்கும். பெரும்பாலோர் பள்ளியிலோ கல்லூரியிலோ தொட்டிருப்பீர்கள். அவன் அவளோடு கூடிய நாளில் சாட்சிக்கு ஆள் இல்லை. இருந்தவன் அவன் ஒருவன்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள். ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையும் தொங்கும் கேள்வி அது. அதைக் கேட்டுவிட்டு அவள் நினைவு எங்கே போகிறது பாருங்கள். ஒரு குருகு நின்றது. அதன் கால் தினைத்தாள் மாதிரி மெலிந்தது, பசுமையானது. ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் அன்றைக்கு அங்கே இருந்தது. பாட்டு முடிந்துவிட்டது, ஐந்தே அடிகளில்.

‘பயமாக இருக்கிறது’ என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலின் நிறம் வரைக்கும் நினைவிருக்கிறது என்றால், அந்த நாளை அவள் எத்தனை முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்! ஒவ்வொரு மூலையாகத் தேடியிருக்கிறாள், யாராவது இருந்தார்களா என்று. கிடைத்தது ஒரு பறவை. அதுவும் அவளைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தது.

இதை வாசித்த கையோடு அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்த தொகுப்புக்கும் அதே பெயர்தான். கதைசொல்லிக்கு அக்கம்பக்கத்துக் குழந்தைகள் மேல் அளவற்ற பிரியம். புத்தகம் கொண்டுவந்து தருவார், விளையாடுவார், அவர்களும் மேலே ஏறிக் குதிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையன். மற்றவர்களுக்குக் கிடைத்த டைரி அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, கேட்கவும் இல்லை. ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரிக்கிறான். அப்புறம் ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக அதில் எழுதச் சொல்கிறான். கதை அதோடு நின்றுவிடுகிறது.

எனக்கு மூச்சு நின்றது போல் ஆகிவிட்டது. குழந்தைகளை இவ்வளவு நேசிக்கிற மனிதர்தான், கெட்டவர் இல்லை, அலட்சியக்காரரும் இல்லை. கூடவே இருந்தும் ஒரு குழந்தைக்கு வலித்தது அவருக்குத் தெரியவில்லை. ‘இப்படி எனக்குப் புரிந்தது, வெட்கப்பட்டேன்’ என்று அழகிரிசாமி ஒரு பத்தி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

உங்களுக்குச் சமீபத்தில் எது இப்படித் தங்கிப்போனது? பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு கவிதை அல்லது கதை போதும், அதில் எந்த இடம், ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

இரண்டாம்வாசிப்பு

நல்ல இழை. அழகிரிசாமியை நீங்கள் சொன்னதும் எனக்கு உடனே ‘ராஜா வந்திருக்கிறார்’ நினைவுக்கு வந்தது. ஆனால் இப்போது நான் மூழ்கியிருப்பது அசோகமித்திரனில். ‘புலிக்கலைஞன்’ கதையை மறுபடி வாசித்தேன்.

சினிமா ஸ்டுடியோ ஒன்றில் கதை இலாகா. வேலை மந்தமான நேரம். காதர் என்று ஒருவர் வாய்ப்புக் கேட்டு வருகிறார். புலிவேஷம் போட வரும் என்கிறார். ஏதோ செய்து காட்டட்டும் என்று விடுகிறார்கள். அடுத்த நிமிடம் அறைக்குள் ஒரு புலி இருக்கிறது. வேஷம் கட்டின ஆள் என்று சொல்லவே முடியாது. அந்தச் சில பத்திகளில் அசோகமித்திரனின் உரைநடைக்கு வரும் வேகம் அவருடைய வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. எப்போதும் தணிந்த குரலில் எழுதுகிறவர், அங்கே ஒரு பாய்ச்சல் பாய்கிறார். ஆட்டம் முடிகிறது. காதர் மறுபடி வேலை கேட்கும் ஏழை ஆளாகச் சுருங்கிவிடுகிறார்.

பின்னால் அவருக்கு ஏற்ற ஒரு வாய்ப்பு நிஜமாகவே அமைகிறது. கடிதம் போடுகிறார்கள். விலாசத்தில் ஆள் இல்லை என்று அது திரும்பி வந்துவிடுகிறது.

அந்தப் புலி யாருக்காக ஆடியது? சாப்பாட்டுக்கு வழி தேடிய ஒருவர், வேலையில்லாத ஒரு மத்தியான நேரத்தில், தன் கலையின் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர். நீங்கள் சொன்ன குருகு போலத்தான் அவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. இவர்கள் பார்த்தார்கள், புரிந்தும்கொண்டார்கள். அவர்களிடம் கொடுப்பதற்கு அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு இதுதான் இன்னும் கனக்கிறது.

எதிர்வரி

இரண்டு பதிவுகளும் பிடித்திருந்தன. இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும்.

தமிழில் தீவிரமாக வாசிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சொல்லாமல் விட்டால் உயர்ந்த இலக்கியம், சொல்லிவிட்டால் ஒரு படி கீழே. அடக்கம், மௌனம், பூடகம் என்று மூன்று சொற்களை வைத்தே பாதி விமர்சனத்தை ஓட்டிவிடுகிறோம். இதனால் யாருக்கு நஷ்டம்? வாயைத் திறந்து பேசியே ஆக வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு.

நான் சமீபத்தில் திரும்ப எடுத்தது ஈழத்துக் கவிஞர் சிவரமணியின் கவிதைகள். 1991இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டவர். அதற்கு முன் தன் கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டார். மற்றவர்களிடம் எஞ்சியிருந்தவைதான் நமக்குக் கிடைத்தன. அவருடைய ஒரு கவிதை, யுத்தகாலத்து ஓர் இரவின் நெருக்குதல் குழந்தைகளை வளர்ந்தவர்களாக்கிவிடும் என்று தொடங்குகிறது. அப்புறம் அந்தக் குழந்தைகள் என்னென்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. கேள்வி கேட்காமல் இருக்க, பதில் வராதபோது மௌனமாக இருக்க, தும்பியின் இறக்கையைப் பிய்த்து எறிய, தடியைத் துப்பாக்கியாக்கி நண்பனை எதிரியாக நினைத்துக் கொன்று விளையாட. இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. முதல் வரியிலேயே முடிவு சொல்லப்பட்டுவிட்டது. கடைசிவரை அந்தக் குரல் வளைவதே இல்லை. வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

‘சொல்லாத சேதிகள்’ என்று 1986இல் ஈழத்துப் பெண் கவிஞர்களின் தொகுப்பு ஒன்று வந்தது. தலைப்பிலேயே இருக்கிறது பாருங்கள், இவ்வளவு காலம் சொல்லப்படாமல் கிடந்த சேதிகள். அவற்றைச் சொல்ல வந்தவர்களிடம் போய் ‘இன்னும் கொஞ்சம் பூடகமாகச் சொல்லியிருக்கலாம்’ என்று கேட்க முடியுமா?

உங்கள் குறுந்தொகையிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 28ஆம் பாட்டு, ஔவையார். ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’. முட்டிக்கொள்வேனா, தாக்குவேனா, ஏதாவது ஒரு சாக்கில் ஆ, ஓ என்று கத்திவிடுவேனா, என் நோய் தெரியாமல் தூங்குகிற இந்த ஊருக்கு என்ன செய்வேன் என்று கேட்கிறாள். இதில் எங்கே இருக்கிறது அடக்கம்? இரண்டாயிரம் வருஷம் தாண்டியும் அந்தக் குரல் காதில் அறைகிறது.

ஓரப்பக்கம்

எதிர்வரி, 28ஐ நீங்கள் கொண்டுவந்ததற்கு நன்றி. அதைப் படித்ததும் உடனே புத்தகத்தைத் திறந்து 6ஆம் பாட்டையும் 28ஐயும் சேர்த்து வாசித்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இங்கே எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

6ஆம் பாட்டு பதுமனார் பாடியது. ‘நள்ளென் றன்றே யாமம்’. நடு இரவு. மனிதர்கள் பேச்சு அடங்கி இனிதாகத் தூங்கிவிட்டார்கள். வெறுப்பு எதுவும் இல்லாமல் இந்த அகன்ற உலகமும் தூங்குகிறது. நான் ஒருத்திதான் தூங்காமல் இருக்கிறேன். நான்கே அடிகள்.

இரண்டிலும் நேரம் ஒன்று, நிலைமை ஒன்று. சுற்றி எல்லாம் தூங்குகிறது, ஒருத்தி விழித்திருக்கிறாள். பதுமனாரின் தலைவி உலகத்தின்மேல் கோபப்படவே இல்லை. அது நல்லபடியாகத் தூங்குகிறது என்கிறாள், ‘இனிது’ என்கிறாள். ஔவையின் தலைவிக்கு அதே தூக்கம்தான் பொறுக்கவில்லை. அதை உடைத்து எழுப்ப வேண்டும் போலிருக்கிறது. அசையும் காற்றும் அவளைப் போட்டு அலைக்கழிக்கிறது.

எனக்கு எது அதிகம் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். உண்மையில் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. ஆனால் இரண்டையும் தாங்கி நிற்பது எதுவென்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தூங்குகிற ஊர்தான். துன்பப்படுகிறவளை மட்டும் காட்டியிருந்தால் நாம் இரக்கப்பட்டிருப்போம், அவ்வளவுதான். பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் அறியாமல் கிடக்கிற உலகத்தையும் சேர்த்துக் காட்டும்போது அது நம்மைத் தாக்குகிறது. கத்திச் சொன்னாலும் சரி, மெதுவாகச் சொன்னாலும் சரி. குருகு, தூங்கும் ஊர், குழந்தைகளை நேசித்தும் ஒரு குழந்தையைக் கவனிக்காத மனிதர், எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

சிவரமணி கவிதையிலும் அது உண்டு என்று நினைக்கிறேன். தும்பியின் இறக்கையைப் பிய்க்கிற குழந்தைக்குத் தனக்கு என்ன நடந்துவிட்டது என்று தெரியாது. அது விளையாடிக்கொண்டிருக்கிறது.

உரைமாணவர்

குறுந்தொகை பற்றிய பேச்சு என்பதால் ஒரு சின்ன இடையீடு.

25ஆம் பாட்டுக்கு உள்ள துறைக்குறிப்பை மறந்துவிடக் கூடாது. ‘வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது’. திருமணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, அந்தச் சமயத்தில் தோழியிடம் சொல்கிறாள். அதாவது அவன் இன்னும் பொய் சொல்லவில்லை. கைவிட்டும் போகவில்லை. தாமதம்தான் நடந்திருக்கிறது. அந்தத் தாமதத்துக்குள் இவள் இவ்வளவு தூரம் போய்விட்டாள். குறிப்பைச் சேர்த்து வாசிக்கும்போது பாட்டின் பயம் இன்னும் கூர்மையாகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. குருகைச் சாட்சியாக அவள் சொல்கிறாளா, சாட்சி இல்லை என்பதற்கு அதைக் காட்டுகிறாளா? ‘குருகும் உண்டு’ என்ற இடத்தில் ஒரு சின்ன நம்பிக்கையும் ஒலிக்கிறது. முழுக்க யாருமே இல்லை என்று ஆகிவிடவில்லை, அதுவாவது இருந்தது. ஓரப்பக்கம் சொன்னதுபோல் அது மீனைத்தான் பார்த்தது. ஆனாலும் ‘குருகும்’ என்பதில் உள்ள அந்த ‘உம்’மை அவள் விடவில்லை. எனக்கு அதில் கண் கலங்கும்.

புதுவாசகி

வணக்கம். இங்கே பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவள். ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கப் பாட்டு என்றாலே தேர்வுக்குப் படித்த களைப்புதான் எனக்கு வருகிறது. நீங்கள் எல்லாரும் கதை மாதிரி பேசுகிறீர்கள். எங்கிருந்து தொடங்குவது? உரையை முதலில் படிக்கலாமா, பாட்டையா?

உரைமாணவர்

இதில் தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, அம்மா. குறுந்தொகையிலேயே தொடங்குங்கள். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. நான்கு அடியிலிருந்து எட்டு அடி வரை, ஒன்றிரண்டு மட்டும் ஒன்பது அடி. ஒரு பாட்டு ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

முதலில் துறைக்குறிப்பைப் பாருங்கள். யார், யாரிடம், எந்தச் சமயத்தில் பேசுகிறார் என்று தெரிந்தால் பாதிக் கதவு திறந்துவிடும். அப்புறம் பாட்டு, கடைசியில் பொழிப்புரை.

ஓரப்பக்கம்

இங்கே மட்டும் உரைமாணவரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். புதுவாசகி, முதலில் பாட்டை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு சொல் புரியும், ஒரு படம் தெரியும். அந்தப் படம் மனத்தில் விழுந்த பிறகு உரைக்குப் போங்கள். துறையை முதலில் படித்துவிட்டால் பாட்டு அந்தத் துறைக்கு விளக்கமாக மட்டுமே சுருங்கிவிடும் அபாயம் உண்டு. 6ஆம் பாட்டைத் துறையே தெரியாமல் வாசித்தாலும், தூக்கம் வராத எவருக்கும் அது சொந்தப் பாட்டு.

கூடவே ஒரு புறப்பாட்டும் வாசியுங்கள். புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்’. போன மாதம் அந்த நிலவில் எங்கள் அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இந்த நிலவில் மலையை வேந்தர்கள் கொண்டார்கள், அப்பாவும் இல்லை. இதற்கு உரையே தேவைப்படாது. நிலா மாறவில்லை, அவ்வளவுதான்.

தாள்மடிப்பு

தாமதமாக வருகிறேன். எல்லாரும் ‘அறியாத உலகம்’ என்ற ஒரே சரட்டில் கோத்துக்கொண்டு போகிறீர்கள், அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா நல்ல எழுத்தும் அதற்குள் வந்துவிடாது என்று சொல்ல ஒரு நாவலோடு வந்திருக்கிறேன். பூமணியின் ‘வெக்கை’.

1982இல் வந்தது. ‘அசுரன்’ படம் வந்த பிறகு பலர் தேடி வாசித்தார்கள். படத்தை மனத்திலிருந்து இறக்கிவைத்துவிட்டு வாசிக்க வேண்டும், இரண்டும் வேறுவேறு. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிடுகிறான். நாவல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. பழிவாங்கும் கதை என்றால் அங்கே முடிந்திருக்க வேண்டும். பூமணிக்கு அதற்கு அப்புறம் வரும் நாட்கள்தான் முக்கியம். அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எதைத் தின்பது, எங்கே தண்ணீர், எந்தப் புதர் மறைக்கும் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஒரு வரி சலிக்கவில்லை.

அப்பா மகனைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. சாப்பாடு ஆக்கிப் போடுகிறார். தூங்கும்போது பார்த்துக்கொள்கிறார். செடி, கொடி, உயிர்களைப் பற்றி இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கொலைக்குப் பிறகு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கிடைத்த மிக நெருக்கமான நாட்கள் அவை என்று தோன்றும்போது வயிற்றைப் பிசைகிறது. பாருங்கள், இங்கே உலகம் அறியாமல் கிடக்கவில்லை. அந்த நிலம் அவர்களுக்குச் சோறு போடுகிறது, மறைத்துவைக்கிறது. அறியாதது சட்டமும் ஊரின் அதிகாரமும்தான்.

எதிர்வரி

தாள்மடிப்பு சொன்னதை முழுக்க ஏற்கிறேன். ஒரு சூத்திரம் கிடைத்துவிட்டால் அதையே எல்லாப் பூட்டுக்கும் போட்டுப் பார்க்கிற ஆசை வாசகர்களுக்கு உண்டு.

அந்த வரிசையில் இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலையும் வைக்கிறேன். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டார் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியைத் திருமணம் செய்துகொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் வெந்து மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த வாசலில்தான். எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணன், கணவன், வந்தவர், போனவர். அழுகை, சண்டை, சாபம், கெஞ்சல். மௌனத்துக்கு அங்கே இடமே கிடையாது. பணம் இருக்கிறது, கொடுக்கத் தயாராகவும் இருக்கிறார்கள், ஆனால் அது செல்லவில்லை.

வாசிக்கும்போது சில இடங்களில் எனக்குச் சலிப்பும் வந்தது. ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அந்தச் சலிப்பே தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருந்த எவருக்கும் அது தெரியும். சொன்னதையே சொல்வதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை.

இரண்டாம்வாசிப்பு

ஆனால் எதிர்வரி, அந்த நாவலில்தான் சொல்லாமல் விட்ட இடம் மிகப் பெரியது. அவள் தானே தீ வைத்துக்கொண்டாளா, அவன் வைத்தானா? இத்தனை பேர் இத்தனை பக்கம் பேசியும் அது நமக்கு உறுதியாகத் தெரிவதே இல்லை. அவ்வளவு பேச்சும் அந்த ஒரு இருட்டைச் சுற்றித்தான். நீங்கள் சலிப்பு என்று சொன்னது எனக்குப் பதற்றமாக இருந்தது. அடுத்த பேச்சிலாவது உண்மை வந்துவிடுமோ என்று புரட்டிக்கொண்டே போனேன்.

எதிர்வரி

ஆமாம், அது உண்மைதான். பேச்சே ஒரு மறைப்பாக ஆகிறது. இதை யோசிக்க வேண்டும்.

புதுவாசகி

இரண்டு பேர் சொன்னபடியும் முயன்றேன். முதலில் 6, 28 இரண்டையும் துறை பார்க்காமல் வாய்விட்டு வாசித்தேன். 28இல் ‘ஆஅ ஒல்லென’ என்ற இடம் வந்ததும் என் குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. அந்த ஒலியை எழுத்தில் அப்படியே போட்டுவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அது நிஜமாகவே ஒரு கத்தல்.

25ஐ உரைமாணவர் சொன்னபடி துறைக்குறிப்போடு வாசித்தேன். அதற்கு அந்த வழி சரியாக இருந்தது. கல்யாணம் தள்ளிப்போகிறது என்று தெரிந்ததால்தான் அவள் பதைப்பு எனக்குப் பிடிபட்டது.

அப்புறம் என் பங்குக்கு ஒன்று. பிரமிளின் ‘காவியம்’ என்கிற சின்னக் கவிதை. சிறகிலிருந்து பிரிந்த ஓர் இறகு, காற்றின் தீராத பக்கங்களில் ஒரு பறவையின் வாழ்வை எழுதிக்கொண்டு போகிறது. பல பேர் பகிர்ந்து பகிர்ந்து எனக்கு மரத்துப்போயிருந்த வரிகள். இந்த இழையை வாசித்த பிறகு அவை வேறு மாதிரி ஆகிவிட்டன. பறவை அங்கே இல்லையே! அது எங்கேயோ பறந்துபோய்விட்டது, அல்லது செத்தே போயிருக்கலாம். தன்னைப் பற்றி இப்படி ஒரு காவியம் எழுதப்படுவது அதற்குத் தெரியாது. தாள்மடிப்பு கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு இது அந்தச் சரட்டில் தானாகவே கோத்துக்கொண்டது.

தாள்மடிப்பு

கோபம் என்ன கோபம். அந்த இறகை நான் சுதந்திரமாகவே பார்த்துவந்தேன், இழப்பாகப் பார்த்ததில்லை. இனி இரண்டாகவும் தெரியும்.

நகுலனையும் முயன்று பாருங்கள். அவருடைய ராமச்சந்திரன் கவிதை ஒன்று உண்டு. ராமச்சந்திரனா என்று கேட்கிறார், அவரும் ராமச்சந்திரன் என்கிறார். எந்த ராமச்சந்திரன் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முழுக் கவிதையும் இவ்வளவுதான். இது கவிதையா என்று கேட்டவர்கள் நிறைய பேர். எனக்கு அது மிகவும் பிடித்த கவிதை. இரண்டு பேர் சந்தித்தார்கள், பெயர் கேட்டார்கள், பிரிந்தார்கள். நம் சந்திப்புகளில் முக்கால்வாசி இதுதான். அதை வருத்தமாகச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டார்.

உரைமாணவர்

கதை, கவிதை இரண்டும் வந்துவிட்டன. பழம்பாட்டும் புதுநாவலும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’, 2023ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூறு 192ஆம் பாட்டிலிருந்து வருகிறது. பலருக்கும் அந்தப் பாட்டின் முதல் அடி மட்டும்தான் தெரியும். மேடைகளில் அதோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டின் உயிர் பின்னால் இருக்கிறது. மழைநீர் கல்லை மோதி இரைந்து வரும் பேராற்றில் நீரின் போக்கிலேயே போகும் புணைபோல, அதாவது தெப்பம்போல, உயிரும் முறையின் போக்கில் போகும். அதனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை.

நாவலில் காரு மாமா இறந்துபோகிறார். குடிநாவிதர் சமூகத்தைச் சேர்ந்த எளிய மனிதர். அவர் சாவுக்கு உறவுகள் வந்து கூடுகின்றன. ஒவ்வொருவர் வழியாகவும் பழைய கதைகள் கிளம்புகின்றன. அவ்வளவுதான் கட்டமைப்பு. சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்ற அடியை ஒரு நாவலாக நீட்டினால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒருவர் மேலும் ஆசிரியருக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை, தவறு செய்தவர்கள் மேலும்கூட.

இரண்டாம்வாசிப்பு

அதை இன்னும் வாசிக்கவில்லை, இந்தப் பதிவுக்குப் பிறகு தள்ளிப்போட மாட்டேன்.

ஓரப்பக்கம், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் ஜமுனாவிடம் டீச்சரம்மா பேசும் இடத்தை மறுபடி பாருங்கள். ஜமுனா சாக முயன்றாள் என்று தெரிந்ததும் டீச்சரம்மா ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. தனக்குச் சின்ன வயதில் ஒரு நோயாளியோடு நடந்த கல்யாணத்தைச் சொல்கிறாள், அன்றிலிருந்து இன்றுவரை தன் நாட்கள் எப்படிப் போகின்றன என்று. உங்கள் குறுந்தொகைத் தலைவிகளுக்குத் தூங்குகிற ஊர்தான் வாய்த்தது. ஜமுனாவுக்கு விழித்திருக்கிற ஒருத்தி கிடைத்தாள்.

ஓரப்பக்கம்

அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் குறுந்தொகைத் தலைவிகளுக்கு யாருமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 25ஐத் தோழியிடம்தானே சொல்கிறாள்? உரைமாணவர் துறையை எடுத்துக் காட்டியதும் அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. இவ்வளவு நேரம் குருகையே பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்டுக்கொண்டிருக்கிற தோழி பாட்டுக்குள் ஒரு சொல்லாகக்கூட வரவில்லை. ஆனால் அவள் இல்லாவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

அடுத்து தோழி கூற்றாக வரும் பாட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வாசிக்கப் போகிறேன். புதுவாசகி, சேர்ந்துகொள்கிறீர்களா? நீங்கள் துறையோடு வாசியுங்கள், நான் துறை பார்க்காமல் வாசிக்கிறேன். இங்கேயே வந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

புதுவாசகி

சரி. 28 போலக் கத்துகிற பாட்டு தோழி கூற்றில் ஏதாவது இருந்தால் அதை முதலில் எனக்குக் கொடுங்கள்.